புகை எந்தப் பக்கம்

நான் இயற்கைக் காட்சி ஓவியன். எர்ணாவூரில் குடியிருந்துகொண்டு இதைச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்ப்பார்கள். "அப்போ இயற்கைக்கு எங்கே சார் போவீங்க?" என்று மரியாதையாக விசாரிப்பவர்களும் உண்டு. எங்கேயும் போவதில்லை, மொட்டை மாடிக்குப் போவேன். மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, தொட்டியின் பக்கத்தில் உயரமாக ஒரு சிமெண்டு மேடை, மேடையில் ஒரு முக்காலி, முக்காலியில் நான். அங்கிருந்து வடக்கே பார்த்தால் கழிமுகம், பாலம், மின்கம்பிகள், நகராமல் நிற்கும் கண்டெய்னர் லாரிகள், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சிம்னி. அது யாருடைய சிம்னி என்று இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு அது மாடல். இருபது வருஷத்துக்கு மேலாக அதைத்தான் வரைகிறேன், ஒரு நாள்கூட லீவு கேட்டதில்லை.

கலைக் கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஸ்டூடியோ போட்டு, வட்டமும் கோடுமாக வரைந்து, வெளிநாட்டுக்கெல்லாம் போய் வந்துவிட்டார்கள். நான் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். டிராயிங் பீரியட் என்பது கணக்கு வாத்தியார் போர்ஷன் முடிப்பதற்காக ஏற்பட்ட பீரியட். அவர் எடுத்துக்கொள்ளாத நாட்களில் நான் வகுப்புக்குப் போய் "இயற்கைக் காட்சி வரைங்க" என்பேன். அத்தனை பிள்ளைகளும் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு ஆறு, ஆற்றங்கரையில் ஒரு குடிசை என்று வரைந்து வைப்பார்கள். தண்டையார்பேட்டையில் மலை எங்கே இருக்கிறது? ஒரு நாள் எரிச்சலில், இனி என் வகுப்பில் யாரும் மலை போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "மலை இல்லாட்டி சூரியன் எங்கேர்ந்து சார் வரும்?" என்று ஒருத்தி எழுந்து கேட்டாள். அவள் சந்தேகம் நியாயமானதுதான். ஹார்பரிலிருந்து வரும் என்றேன். அடுத்த வாரம் அத்தனை நோட்டிலும் சூரியன் கிரேனில் தொங்கியது.

வீட்டில் என் கலைக்கு இருந்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி எண்ணூரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் நான் வரைந்த முதல் சிம்னியைக் கூடத்தில் மாட்ட ஆணி கேட்டபோது அவள் சொன்னது இது:

"அந்தக் கருமத்தப் பாக்கக் கூடாதுன்னு ஜன்னல சாத்திகினு கீறேன். நீ இன்னாடான்னா அத்த வரைஞ்சு உள்ள எட்தாற!"

ஆணி கிடைக்கவில்லை. வண்ணம் கரைக்கும் டர்பண்டைன் நாற்றம் தலைவலி கொடுக்கிறது என்று கொஞ்ச நாளில் படம் வரையும் ஸ்டாண்டும் வெளியேற்றப்பட்டது. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு உள்ள வீட்டில் வெளியே என்றால் மாடிதான். மாடியோ கட்டடத்துக்கே பொது. அங்கே ஆட்சி செய்பவர்கள் துணி காயப்போட வரும் பெண்கள். நான் பிரஷ் துடைக்கும் துணி அவர்கள் புடவைப் பக்கத்தில் பறக்கிறது, நான் இருந்தால் தலை உலர்த்த முடியவில்லை என்று ஆளாளுக்குப் புகார் சொன்னார்கள். எல்லாமே உண்மை. இன்றைக்கோ நாளைக்கோ என்னை இறக்கிவிடுவார்கள் என்றுதான் இருந்தேன். மாடி போனால் எனக்கு வேறு இடம் கிடையாது. வாடகைக்கு ஸ்டூடியோ பிடிக்கிற அளவுக்கு என் சிம்னிகள் விற்பதில்லை. மாடி போனால் நான் வெறும் டிராயிங் மாஸ்டர், அதுவும் கணக்கு வாத்தியார் அனுமதித்தால்.

என்னைக் காப்பாற்றியது பக்கத்து மனைக்காரர். அவர் வடக்குப் பக்கம் ஒரு கட்டடத்தை எழுப்பினார். துணிக் கயிற்றடியில் நின்று பார்த்தால் இனி சிம்னி தெரியாது. தொட்டி மேடையில் ஏறி உட்கார்ந்தவனுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் சிம்னி தெரியாமல் துணி காயப்போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ரோடு கிராஸ் பண்ணுகிற மாதிரி. காற்று நம் பக்கம் திரும்பினால் சாம்பலும் கரியும் பொடிப்பொடியாக வந்து ஈரத் துணியில் ஒட்டிக்கொள்ளும். தட்டினால் போகாது, தேய்த்தால் இன்னும் பரவும்.

அப்போதுதான் கீழிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"வாத்தியாரே, மேலதான குந்தினு கீற? பொகை எந்தப் பக்கம் போவுதுன்னு சொல்லேன்!"

சொன்னேன். மறுநாளும் கேட்டார்கள், மறுநாளும் சொன்னேன். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள், தேவைப்படவில்லை. நான் வடக்கே பார்த்து உட்கார்ந்திருப்பேன், படத்தின் முகம் தெற்கே கயிறுகளைப் பார்த்தபடி இருக்கும். காலையில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் நான் முதலில் போடுவது புகையைத்தான், ஏனென்றால் அதுதான் நிற்காமல் ஓடுவது. இடுப்பில் பக்கெட்டோடு மாடிக்கு வருகிறவர்கள் என் தோளுக்கு மேலாகப் படத்தை ஒரு பார்வை பார்ப்பார்கள். புகை கடல் பக்கம் போனால் வெள்ளைத் துணி வெளியே வரும், நம் பக்கம் வந்தால் பக்கெட் அப்படியே இறங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் கலர் துணி மட்டும்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. கண்காட்சிகளில் என் படங்களுக்கு முன்னால் ஜனங்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கையில் இருக்கும் ஜூஸ் தீரும்வரை நிற்பார்கள். இங்கே அப்படியா? ஈரத் துணி கனக்க, கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரு தீற்றலைக்கூட விடாமல் பார்த்தார்கள். என் சாம்பல் நிறத்தில் எத்தனை வகை இருக்கிறது என்று கலை விமர்சகர்களுக்குத் தெரியாது, எங்கள் கட்டடத்துப் பெண்களுக்குத் தெரியும். "இன்னிக்கு பொகை கொஞ்சம் மஞ்சளா கீது, போர்வய போடாத" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிடும். டர்பண்டைன் நாற்றத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நகரத்தின் தெற்குப் பக்கம் ஒரு கேலரியில் கூட்டுக் கண்காட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஆளுக்கு ஒரு பெரிய படம். கதவு அகலத்துக்குக் கான்வாஸ் அடித்து மேடையில் ஏற்றினேன். பெரிய படம் ஒரே காலையில் முடியாது. வாரக்கணக்கில் இழுக்கும். அதற்குள் காற்று எத்தனையோ தடவை மாறும். எந்தப் பக்கத்துப் புகையை வைத்துக்கொள்வது என்று ஓவியன்தான் முடிவு செய்ய வேண்டும். என் படத்தில் வலது பக்கம் பாலம், லாரி, பக்கத்துக் கட்டடத்தின் சுவர் என்று ஒரே நெரிசல். இடது பக்கம் வெறும் வானம். புகை இடது பக்கம் சாய்ந்தால்தான் படம் நிற்கும். இதை எந்தக் கலைக் கல்லூரி முதல் வருஷப் பையனைக் கேட்டாலும் சொல்வான். ஆகவே இடது பக்கம், மேற்கே, மெல்லச் சாய்த்துவிட்டேன். இன்றுவரை சொல்கிறேன், ஓவியமாகப் பார்த்தால் அது சரி.

நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. விடாத மழை அன்று காலைதான் விட்டு வெயில் தலைகாட்டியது. கட்டடமே ஈரத் துணியோடு மாடிக்கு ஓடி வந்தது. வந்தவர்களில் ஒருத்தி தரைத்தளத்தில் குடியிருப்பவள். அவள் கணவர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். மறுநாள் ஞாயிறு அவர்கள் மகளுக்குப் புதுநன்மை. முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிற பிள்ளைகள் எல்லோரும் வெள்ளைக் கவுன், வெள்ளை முக்காடு, கையில் மெழுகுவத்தியோடு வரிசையாகப் போவார்கள். அந்த வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சு. கவுன் புதிது அல்ல. அவளுடைய அக்கா மகள் போட்டது. அந்த அக்காதான் பாப்பாவின் ஞானஸ்நானத்தில் கூட நின்ற ஞானத்தாய். பெட்டியில் கிடந்த கவுனில் பாச்சா உருண்டை நாற்றம் போகவில்லை என்று காலையில் அலசி, நீலம் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

அவள் வந்ததை நான் கவனிக்கவில்லை. இடது பக்கப் புகையின் ஓரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நுணுக்கமான வேலை அது. அவள் படத்தைப் பார்த்திருக்கிறாள். புகை மேற்கே போகிறது. நடுக் கயிற்றில், நல்ல வெயிலில், கவுனை விரித்துக் கிளிப் மாட்டிவிட்டுக் கறி வாங்கக் கிளம்பிவிட்டாள்.

நிஜப் புகை வாடைக் காற்றில் நேராக எங்கள் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டுதானே இதை வரைந்தேன்!

அவள் திரும்பி வந்து போட்ட சத்தத்தில் பிரஷ் கையிலிருந்து விழுந்தது. கவுனின் மார்பிலும் தோளிலும் மிளகுத்தூள் தூவின மாதிரி கரி. பதற்றத்தில் அவள் முந்தானையால் துடைக்க, மிளகுத்தூள் மேகமாகிவிட்டது.

"யோவ் வாத்தியாரே! பொகை அந்தாண்ட போவுதுன்னு போட்டுக்கீற?"

"அது… படத்துக்காகம்மா. காம்போசிஷன்."

"இன்னாது?"

"படம் நல்லா இருக்கணும்னு திருப்பிவிட்டேன்."

"நீ இன்னா காத்தா, திருப்பிவுடறதுக்கு? உன் படத்த நம்பித்தானய்யா போட்டேன்! நாளைக்கு எம் பொண்ணு இன்னாத்த கட்டிகினு கோயிலுக்குப் போவும்?"

சத்தம் கேட்டு மற்றவர்களும் ஏறி வந்தார்கள். அவரவர் துணியிலும் கரி. என் மனைவியும் வந்தாள். படத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வீட்டில் அவள் எனக்கு எதிர்க்கட்சியாக இருக்கலாம், வெளியிலாவது கொஞ்சம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "இத்தினி வருசமா பாத்துகினு கீற, பொகை எங்க போவுதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று அவளும் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

எம்.சி. ரோட்டுக்குப் போய் வேறு கவுன் வாங்கிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கவுனேதான் வேண்டுமாம். அக்கா ஆசையாகக் கொடுத்தது, நாளைக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாள், லேஸில் ஒரு பூ மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். "எங்க அக்கா கண்ணு எக்ஸ்ரே மாதிரி. கவுன பாயாக்கிட்டேன்னு சொன்னா செத்தாலும் மறக்க மாட்டா." கவுனை இரண்டு தடவை அலசினார்கள். கரி சாம்பலாக வெளுத்தது, போகவில்லை. மேகம் இன்னும் அழகாகப் பரவியது. ஓவியத்தில் அப்படி ஒரு மேகம் எனக்கு வந்ததே இல்லை, ஆனால் அதைச் சொல்லும் நேரம் அது இல்லை.

பாப்பாதான் வழி சொன்னாள். அவ்வளவு நேரம் அழாமல் நின்றிருந்தவள், "அங்கிள்கிட்டதான் வெள்ளை பெயிண்ட் கீதே" என்றாள்.

கவுனைப் பலகையில் விரித்து, இஸ்திரி போட்டு, கிளிப் போட்டு ஸ்டாண்டில் ஏற்றினோம். எண்ணெய் வண்ணம் காய வாரமாகும், அதனால் பள்ளிக்கூடத்துக்கு வைத்திருந்த அக்ரிலிக் வெள்ளை. எனக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை. வெள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதது உண்டா? வாழ்நாள் முழுக்க எண்ணூர் வானம் வரைந்தவன். நீலம் போட்டு அலசிய வெள்ளை வேறு, டியூபிலிருந்து வரும் வெள்ளை வேறு. ஒரு பொட்டு நீலம் சேர்த்தேன். பின்னால் நின்ற பெண்கள் நீலம் ஜாஸ்தி என்றார்கள். வெள்ளை சேர்த்தேன், நீலம் கம்மி என்றார்கள். ஒருவழியாக நிறம் சேர்ந்து, கறையின் மேல் பூசினேன். மறைந்துவிட்டது! கைதட்டாத குறை. காய்ந்ததும் பார்த்தால் பூசின இடம் மட்டும் சுவர் போலப் பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் கொஞ்சம் பூசினேன். இப்போது அந்தச் சுற்று பளிச்சென்றது. அதற்கும் சுற்றிலும் பூசினேன். சாயங்காலத்துக்குள் முன்பக்கம் முழுவதும் முடிந்து, நியாயத்துக்காக முதுகுப்பக்கமும் பூச வேண்டியதாயிற்று. லேஸில் ஒவ்வொரு பூவாக மெல்லிய பிரஷில் போட்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாக எதையும் வரைந்ததில்லை.

"அங்கிள், கீழ உங்க பேர் எழுதிடாதீங்க" என்றாள் பாப்பா.

காய்ந்த கவுனைப் பலகையிலிருந்து எடுத்தால், அது எடுத்த வடிவத்திலேயே நின்றது. மடிக்க முடியவில்லை. மறுநாள் ராயபுரம் கோயிலுக்கு அம்மாவும் மகளும் கவுனும் ஆட்டோவில் போனார்கள். கவுனை நடுவில் நிற்க வைத்திருந்ததால் அவள் கணவருக்கு இடமில்லை, என்னோடும் என் மனைவியோடும் பஸ்ஸில் வந்தார். வழி முழுக்க நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பயமாகத்தான் இருந்தது. மாடி போய்விட்டது என்று எனக்கு ஏறக்குறைய நிச்சயமாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அதைவிட, அந்தப் பிள்ளை மற்ற பிள்ளைகளுக்கு நடுவில் தலைகுனிந்து நிற்கக் கூடாதே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

வரிசை வந்தது. மற்றப் பிள்ளைகளின் கவுன்கள் நடக்கும்போது அசைந்தன. எங்கள் கவுன் அசையவில்லை. அதற்குள்ளே பாப்பா மட்டும் நடந்து வந்தாள். முழந்தாளிடும்போது கவுனின் கீழ்ப்பாதி தரையில் முட்டி, மேல்பாதி அவள் மோவாய்வரை ஏறியது. படக் படக்கென்று ஒரு சத்தம். சாமியார் ஒரு கணம் நிதானித்துவிட்டு நற்கருணை கொடுத்தார். அவள் எழுந்து திரும்பி வந்த வழியெல்லாம் சிவப்புக் கம்பளத்தில் வெள்ளைப் பொருக்குகள் உதிர்ந்து கிடந்தன. ஆனால் அவள் முகம் இருக்கிறதே! கிரீடம் வைத்த ராணி மாதிரி நிமிர்ந்துதான் வந்தாள். குனிய முடியாததும் ஒரு காரணம்.

பூசை முடிந்ததும் ஞானத்தாய் வந்தாள். எக்ஸ்ரே கண். கவுனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். விரலால் சுண்டினாள். கதவைத் தட்டின மாதிரி டொக்கென்றது.

"இன்னாடி, இம்மாம் கஞ்சி போட்டுக்கீற?"

தரைத்தளத்துக்காரி என்னை ஒரு முறை முறைத்தாள்.

"ஆமாக்கா. ஸ்பெஷல் கஞ்சி. எங்க மாடியில ஒர்த்தரு காச்சுறாரு."

மறுநாள் மாடியில் பஞ்சாயத்து. எல்லாப் பெண்களும் இருந்தார்கள், என் மனைவி உட்பட. என்னை இறக்கிவிட வேண்டும் என்று ஒரு கட்சி. தீர்ப்பைத் தரைத்தளத்துக்காரிக்கே விட்டார்கள். அவள் என் பெரிய படத்தின் முன்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தாள்.

"குந்திக்கோ. வரைஞ்சிக்கோ. ஆனா பொகை எப்டி போவுதோ அப்டித்தான் போடணும். டபாய்க்கக் கூடாது. மொதல்ல இத்த சரி பண்ணு."

கலைஞனின் சுதந்திரம் பற்றி நான் ஏதோ ஆரம்பித்தேன். என் மனைவி தொண்டையைக் கனைத்தாள். பிரஷை எடுத்தேன். அத்தனை பேர் பார்க்க, இடது பக்கத்து அழகான புகையைத் துடைத்தெடுத்துவிட்டு, அன்றைக்குப் போனபடியே, சிம்னியிலிருந்து எழும்பி நேரே முன்னால், பார்க்கிறவர் தலைக்கு மேல் கவிகிற மாதிரி போட்டேன். இடது பக்கம் மறுபடி காலியாகக் கிடந்தது. படம் கெட்டுப்போய்விட்டது என்று எனக்கு ஆத்திரம். அதே ஆத்திரத்தோடு கேலரிக்கு அனுப்பி வைத்தேன்.

கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் காலை போன் வந்தது. மாடியில் இருந்தேன். கை முழுக்க வண்ணம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். கேலரிக்காரர் நல்ல மனிதர், மென்மையாகப் பேசுவார்.

"சார், குட் நியூஸ். உங்க படம் ஒரு ஃபேமிலிக்குப் பிடிச்சிருக்கு. டைனிங் ஹால்ல மாட்டணுமாம். ஒரே ஒரு விஷயம். அந்தப் புகை நேரா நம்ம மேலயே வர்ற மாதிரி இருக்கு, சாப்பிடும்போது ஒரு மாதிரி இருக்கும்னு ஃபீல் பண்றாங்க. லெஃப்ட்ல வானம் காலியாத்தானே இருக்கு? அந்தப் பக்கம் லேசா திருப்பிவிட்டீங்கன்னா உடனே எடுத்துக்கறாங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முதலில் நான் போட்டிருந்த அதே புகை! நான் சரியாகத்தான் போட்டிருந்தேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஒரு மணி நேர வேலை. என் பெரிய படம் ஒன்று முதல் தடவையாக ஒரு வீட்டுக்குள் போகும். கயிற்றடியில் கிளிப் சத்தமெல்லாம் நின்றிருந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேற்குப் பக்கமா?" என்றேன், குரல் இறங்கி.

"அந்தாண்டயும் ஜனங்கதான் கீறாங்கன்னு சொல்லு வாத்தியாரே" என்றாள் தரைத்தளத்துக்காரி, தலையணை உறையை உதறியபடி.

கேலரிக்காரருக்கு அது கேட்டுவிட்டது. "யாரு சார்? படத்துல அங்க யாருமே இல்லையே, வெறும் வானம்தானே?" என்றார்.

அவள் போன் பக்கம் குனிந்து, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்:

"இவரு வரையலன்னா அவங்க இல்லாம பூடுவாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷப் படங்களில் ஒன்றில்கூட நான் ஒரு ஆளைப் போட்டதில்லை. இயற்கைக் காட்சியில் ஆள் எதற்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். போனில் அவர் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திருப்ப முடியாது சார் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.